தண்ணீர்ப் பந்தலுக்குக் குழாய் வைத்த மண்பானை: எதை வாங்குவது, எப்படி வைப்பது

சித்திரை பிறந்ததும் தெருமுனையிலும் பேருந்து நிறுத்தத்திலும் கீற்றுக் கொட்டகை எழும்பும். அதற்குள் இரண்டு பானை, மேலே தட்டு, தட்டின்மேல் டம்ளர். வருகிறவர் யார், எந்த ஊர், என்ன வேலை என்று எதுவும் கேட்காமல் தண்ணீர் கொடுக்கிற ஏற்பாடு இது. முன்பின் தெரியாதவருக்குச் செய்கிற உதவிகளில் இதைவிடப் பழையது நம் ஊரில் அதிகம் இருக்காது. ஆனால் பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் பல பந்தல்களில் குழாய் சொட்டிச் சொட்டிப் பானை காலியாகக் கிடக்கிறது, அல்லது தண்ணீர் வெந்நீராக இருக்கிறது. வைத்தவர்களுக்கு மனம் இல்லாமல் இப்படி ஆவதில்லை. பானை தவறு, இடம் தவறு, நிரப்பிய நேரம் தவறு. மூன்றையும் சரிசெய்யலாம்.

சாலையோரக் கடைகளில் கிடைக்கும் 15 முதல் 20 லிட்டர் வரையிலான குழாய்ப் பானையைப் பற்றிய மதிப்பீடு இது. வீட்டு அடுக்களைக்கு எது நல்லது என்பது வேறு கேள்வி. நாளெல்லாம் நூறு கைகள் திருகுகிற, வெயிலும் தூசியும் படுகிற பந்தலுக்கு எது தாங்கும் என்பதே இங்கே அளவுகோல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மதுரை, திருச்சி, கரூர், வேலூர் போன்ற உள்மாவட்டங்களுக்கு 20 லிட்டர் குழாய்ப் பானைக்கு நிகரான பொருள் எதுவும் இல்லை. மின்சாரம் வேண்டாம், ஐஸ் வேண்டாம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கடலோர ஊர்களில் அதன் பலன் பாதிதான். எந்த ஊரானாலும் ஒற்றைப் பானையில் பந்தல் நடத்த முடியாது. குறைந்தது மூன்று வேண்டும். மூன்று ஏன் என்பது கீழே வருகிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே தண்ணீர் மெல்லக் கசிந்து பானையின் வெளிப்புறத்தை ஈரமாக்குகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது பானையிலிருந்தும் உள்ளே இருக்கிற தண்ணீரிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 20 லிட்டர் தண்ணீரின் சூட்டை 10 டிகிரி குறைக்கக் கணக்குப்படி ஏறக்குறைய 350 மில்லி ஆவியானால் போதும். நடைமுறையில் சுற்றியுள்ள அனல்காற்று விடாமல் வெப்பத்தைத் திருப்பித் தருவதால் இதைவிட நிறையவே ஆவியாக வேண்டியிருக்கும். பானையில் தண்ணீர் தானாகக் குறைவதைப் பார்த்து ஓட்டை என்று நினைக்க வேண்டாம். அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அதுதான்.

காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஈரம் ஆவியாகும். வெளியே 38 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஆவியாதலால் தொடக்கூடிய கீழ் எல்லை சுமார் 24 டிகிரி. நிழலில் வைத்த நல்ல பானை அதற்கு இரண்டு மூன்று டிகிரி மேலே நிற்கும். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே உடம்பு தெளியும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ 35 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் இருக்கிற நாளில் அந்த எல்லையே 29 டிகிரிக்குப் போய்விடுகிறது. அங்கே பானை குளிரவில்லை என்று குயவரைக் குறை சொல்வது நியாயமில்லை. காற்று இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கடையில் பானையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சோதனை காதுக்கு. ஒரு கையில் வாயைப் பிடித்துத் தூக்கி, மறுகை விரல் முட்டியால் வயிற்றில் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த பானை. சத்தம் மந்தமாக விழுந்தால் விரிசல் இருக்கிறது, அல்லது சூளையில் சரியாக வேகவில்லை. வேகாத பானை இரண்டு வாரத்தில் அடி கரைந்து சேறு விடும். அளவுக்கு மீறி வெந்த பானையும் பந்தலுக்கு ஆகாது. துளைகள் இறுகிப்போவதால் அது பல ஆண்டு உடையாமல் இருக்கும், ஆனால் குளிராது. கடைக்காரர் சம்மதித்தால் அரை வாளித் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். வெளிப்புறம் ஒரே சீராக வியர்த்தாற்போல் நிறம் மாற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் கோடாக இறங்கினால் அது விரிசல்.

வண்ணம் பூசிய பானையை வாங்காதீர்கள். பந்தல் திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும் என்று பளபளப்பான சிவப்பும் பூவேலையும் போட்டதைத் தேடி வாங்குகிறார்கள். எனாமலும் வார்னிஷும் துளைகளை அடைத்துவிடும். அதற்குப் பிறகு அது மண் நிறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குடம்தான். அலங்காரம் வேண்டுமென்றால் கழுத்தில் ஒரு மாலை போதும்.

பலரும் பார்க்கத் தவறுவது வாயின் அகலம். உள்ளே முழங்கை வரை போகிற அளவு வாய் இருக்க வேண்டும். கை நுழையாத பானையை யாராலும் உள்ளே தேய்த்துக் கழுவ முடியாது. மூன்றே வாரத்தில் அடியில் பச்சையாக வழுக்கும். குறுகிய வாய்ப் பானை சுமந்து வருவதற்காக உண்டானது. பந்தலில் யாரும் சுமப்பதில்லை.

அடுத்தது குழாய். பந்தல் பானையில் முதலில் பழுதாவது இதுதான். துளையைக் குயவர் பச்சை மண்ணாக இருக்கும்போதே வெட்டியிருந்தால் ஓரம் வழவழப்பாக வட்டமாக இருக்கும். சுட்ட பிறகு துளையிட்டதில் ஓரம் பெயர்ந்திருக்கும். அங்கிருந்து மயிரிழை விரிசல் ஓடும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் தெரிந்துவிடும். துளை அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் இருப்பது நல்லது. அதற்குக் கீழே வண்டல் தங்கும், டம்ளருக்குள் வராது.

பானையோடு கொடுக்கிற பிளாஸ்டிக் குழாய் வீட்டுக்குச் சரி, பந்தலுக்குத் தாங்காது. நாளைக்கு இருநூறு முறை திருகினால் ஒரு மாதத்தில் திருகாணி தேய்ந்து சொட்ட ஆரம்பிக்கும். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேல் போய்விடும். பதினாறு பேர் குடிக்கிற தண்ணீர் அது. கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்கிற அழுத்துக் குழாயை வன்பொருள் கடையில் தனியாக வாங்கி மாட்டுங்கள். மாட்டும் வரிசை: குழாயின் மரையில் டெஃப்லான் டேப் நான்கு சுற்று, ஒரு ரப்பர் வாஷர், பிறகு பானைத் துளை, உள்ளே இன்னொரு ரப்பர் வாஷர், கடைசியாக நட்டு. இரண்டு பக்கமும் வாஷர் இல்லாமல் நேரடியாக இறுக்கினால் மண் தெறித்துவிடும். கையால் இறுக்கி அதன்மேல் கால் சுற்று போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கியதால் உடைந்த பானைகளே அதிகம். கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். பைப்புக்குப் பூசுகிற பசையை உள்பக்கம் அப்பாதீர்கள்; குடிக்கிற தண்ணீரில் அது படவே கூடாது. உதிரியாக நான்கு வாஷரும் ஒரு குழாயும் பக்கத்துக் கடையில் கொடுத்து வையுங்கள். ஐந்து ரூபாய் வாஷர் கைவசம் இல்லாமல் ஒரு வாரம் மூடிக் கிடக்கும் பந்தல்கள் உண்டு.

புதுப் பானையை முதலில் ஒரு முழு நாள் தண்ணீரில் ஊறவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று நிரப்பலைச் செடிகளுக்கு ஊற்றிவிடுங்கள். சூளைச் சாம்பலும் மண்வாடையும் அதோடு போகும். சோப்புத்தூள் கூடாது. துளைகளுக்குள் இறங்கி நாள் கணக்கில் தண்ணீரில் வாடை வரும். தேங்காய் நாரும் கல்லுப்பும் போதும். இன்னொன்று: சமையல் சட்டியைப் பழக்குவது போல் வடிகஞ்சி ஊற்றிப் பழக்கிவிடுகிறார்கள் சிலர். கஞ்சியின் மாவு துளைகளை அடைப்பதற்காகவே சட்டிக்கு அதைச் செய்கிறோம். தண்ணீர்ப் பானைக்குச் செய்தால் குளிர்ச்சி அன்றோடு போயிற்று.

நிரம்பிய 20 லிட்டர் பானை தன் எடையும் சேர்ந்து 25 கிலோவைத் தாண்டும். ஆடுகிற மர முக்காலியில் வைத்தால் சிறுபிள்ளைகள் பிடித்துத் தொங்கும்போது ஆபத்து. செங்கல் மேடை கட்டி, அதன்மேல் தகரத் தட்டில் மணல் பரப்பி, வைக்கோல் பிரிமணை போட்டு வைப்பது பாதுகாப்பானது. மணலை நனைத்து வைத்தால் அடிப்பக்கமும் குளிரும். குழாய் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். மூன்றில் ஒரு பானையை மட்டும் முழங்கால் உயரத்தில் வைத்தால் பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்டும். நாலு செங்கல் குறைத்து அடுக்கினாலே ஆகிவிடுகிற காரியம் இது.

பந்தல் போடும் திசையிலும் தவறு நடக்கிறது. காலையில் இடம் பார்த்து நிழல் என்று முடிவு செய்கிறார்கள்; மூன்று மணிக்கு மேற்கு வெயில் நேராகப் பானை வயிற்றில் அடிக்கிறது. மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டாயம் வேண்டும். மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்கட்டும், காற்று ஓட வேண்டும். ஃப்ளெக்ஸ் பேனரால் சுற்றி மூடிய பந்தலில் பானை குளிராது. உள்ளே தேங்குகிற ஈரக்காற்று மேற்கொண்டு ஆவியாகவிடாது. வயிற்றைச் சுற்றி நனைத்த சணல் சாக்கு கட்டினால், அது காயக் காய நனைக்க ஓர் ஆள் இருந்தால் நல்லது. காய்ந்த சாக்கு போர்வையாகிவிடும். அதைவிடச் சாக்கே இல்லாமல் இருப்பது மேல்.

இப்போது மூன்று பானை ஏன் என்பதற்கு வருவோம். நிரப்பிய பானை நன்றாகக் குளிர நான்கைந்து மணி நேரமாவது ஆகும். மத்தியானம் ஒரு மணிக்குப் பானை காலியாகி, பக்கத்து மாடித் தொட்டியிலிருந்து குழாய் போட்டு நிரப்பினால், உள்ளே போவது வெயிலில் கொதித்த தண்ணீர். அது குளிர்வதற்குள் வெயில் இறங்கிவிடும். ஆக, அதிகம் தேவைப்படும் பதினொன்று முதல் மூன்று மணிக்குள் பந்தல் வெந்நீர்தான் கொடுத்திருக்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, எல்லாப் பானைகளையும் விடிவதற்கு முன், ஆறு மணிக்குள் நிரப்பிவிட்டு ஒவ்வொன்றாகத் திறப்பது. முதல் பானை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. இரண்டாவது ஒரு மணி வரை. மூன்றாவது அதன் பிறகு. முறை வராத பானையின் குழாயில் ஒரு துணி கட்டி வைத்தால் யாரும் திறக்க மாட்டார்கள். காலியானதைச் சாயங்காலம் நிரப்பிவிட்டால் இரவு முழுக்கக் குளிர்ந்து மறுநாள் முதல் பானையாகிவிடும்.

250 மில்லி டம்ளர் கணக்கில் 20 லிட்டர் என்பது 80 டம்ளர். மூன்று பானைக்கு 240. சிறிய தெருமுனைக்கு இது போதும். பேருந்து நிலைய வாசல், அரசு மருத்துவமனை, ரேஷன் கடை, உழவர் சந்தை மாதிரி இடங்களுக்கு ஐந்தாறு பானையும், பின்னால் ஒரு பெரிய கொள்கலனும் இல்லாமல் முடியாது. அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. ஏப்ரலில் உற்சாகமாகத் திறந்த பந்தல் அந்த நாட்களில்தான் நிற்க வேண்டும். ஆள் குறைவு என்றால் ஏப்ரலில் திறக்காமல் மே முதல் தேதி திறந்து ஒழுங்காக நடத்துங்கள். நேற்று இருந்தது என்று நம்பி நடந்து வருகிறவருக்கு முன்னால் காலிப் பானை நிற்கக் கூடாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் சமரசம் வேண்டாம். குளோரின் கலந்த குடிநீர்க் குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானது. குடிக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றாதீர்கள். தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால் கலங்கல் தெளியும், உண்மை. ஆனால் கிருமி சாகாது. தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் என்று எண்ணி ஏமாறக் கூடாது. வெட்டிவேரோ நன்னாரியோ போட விரும்பினால் ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் முடிந்து போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். துளசி இலையை அப்படியே போடுவது வேண்டாம்; அழுகி அடியில் தங்கும்.

வாரத்துக்கு ஒரு நாள் பானைகளை முழுக்கக் கவிழ்த்துத் தேய்த்து, ஒரு பகல் வெயிலில் காயப்போட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாள் போதும். வாராவாரம் கவிழ்த்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். மூடி இறுக்கமாக உட்கார வேண்டும்; அதற்கு மேல் வெள்ளைத் துணி கட்டினால் இன்னும் நல்லது. மணல் தட்டில் தேங்குகிற தண்ணீரையும் மறக்க வேண்டாம். பானையை மூடிவிட்டு அடியில் கொசு வளர்க்கிற பந்தல்கள் இருக்கின்றன.

மூன்று நான்கு வாரத்தில் பானையின் வெளியே வெள்ளையாகப் படியும். உப்புத் தண்ணீர் ஊரில் இன்னும் சீக்கிரம். கசிந்த நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் துளை வாயிலேயே தங்கிவிடுகின்றன. பானை பழசானால் குளிராது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். புளியைக் கரைத்து அல்லது எலுமிச்சை மூடியால் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டு அலசினால் பெரும்பகுதி போய்விடும். அதற்கும் மசியாத பானை இரண்டாம் கோடைக்கு உதவாது. பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க அடிப்பாகம் பயன்படும்.

டம்ளர் சின்ன விஷயமாகத் தோன்றும். பானைக்குள் டம்ளரை முக்கி எடுக்கிற பந்தலில் ஒருவர் கை அழுக்கு அத்தனை பேருக்கும் போகிறது. குழாய்ப் பானையைச் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் அதுவே. எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வெளியே மடங்கியதை வாங்கினால் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வசதி. வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அண்ணாந்து குடிக்க வராது, புரையேறும். அவர்கள் வாய் வைத்துக் குடிக்கத் தனியே நாலு டம்ளரும், கழுவ ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். சங்கிலியில் கட்டிய டம்ளர் திருட்டுப் போகாது, ஆனால் குனிந்து குடிக்க வைக்கும். பத்து டம்ளரில் இரண்டு காணாமல் போவதைப் பந்தல் செலவில் சேர்த்துவிட்டுச் சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள்.

குழாய்க்கு இன்னொரு அருமையும் உண்டு. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்த வரலாறு நமக்குத் தெரியும். இன்னொருவர் மொண்டு ஊற்றுகிற இடத்தில், ஊற்றுபவரின் பார்வையும் கூடவே விழுகிறது. குழாயைத் தானே திறந்து, எல்லோரும் எடுக்கிற அதே டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டுப் போவதில் யாருக்கும் யாரும் தாழ்ந்து நிற்க வேண்டியதில்லை. தூய்மைப் பணியாளர் வெளியே நின்று கையேந்துகிற பந்தல் எவ்வளவு குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாலும் அது பந்தல் இல்லை.

நீர்மோர் கொடுக்கிறவர்களுக்கு ஓர் அளவு: 4 லிட்டர் தயிருக்கு 16 லிட்டர் தண்ணீர், உப்பு 80 முதல் 100 கிராம், தட்டிய இஞ்சி 100 கிராம், பச்சை மிளகாய் பத்து, கறிவேப்பிலை கொத்தமல்லி இரண்டு கைப்பிடி, பெருங்காயம் ஒரு தேக்கரண்டி. மிளகாயை அரைத்து வடிகட்டிவிடுங்கள். குழாயில் துண்டு சிக்கினால் அடைத்துக்கொள்ளும். இதைத் தண்ணீர்ப் பானையில் ஊற்றவே கூடாது. மோரின் புளிப்பு துளைகளில் ஏறிவிட்டால் எத்தனை கழுவினாலும் போகாது. உப்பு ஏறினால் காயும்போது படிகமாகி மண்ணைப் பொரியவைக்கும். மோருக்கு எவர்சில்வர் பாத்திரம்தான். மூன்று மணி நேரத்துக்குள் தீர்கிற அளவே கரைக்கவும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்: குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் உடையாது, கழுவுவது சுலபம், 40, 50 லிட்டர் கொள்ளும். ஆனால் தானாகக் குளிராது. நிழலில் இருந்தாலும் காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். கடலோரப் பந்தலுக்குப் பானையோடு இதையும் சேர்ப்பது புத்திசாலித்தனம். ஐஸ் ஜக் எனப்படும் இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் ஜாடி குளிர்ச்சியைக் காக்கும், உண்டாக்காது. தினமும் ஐஸ் வாங்க வேண்டும். மீன் பெட்டிக்குப் போகிற ஐஸ் குடிக்கத் தகுந்ததில்லை என்பதால் அது தெரியாமல் வாங்கி உடைத்துப் போடுவது ஆபத்து. 20 லிட்டர் கேனைத் தலைகீழாகக் கவிழ்க்கிற மண் டிஸ்பென்சர் சுத்தத்தில் முதலிடம், தூசியே போகாது. உள்ளே கொள்வது ஏழெட்டு லிட்டர்தான் என்பதால் கூட்ட நேரத்தில் கேன் தண்ணீர் குளிராமலே வெளியே வரும். மருந்துக் கடை வாசல், சின்ன அலுவலகம் என்றால் அதை வாங்கலாம்.

பலகையில் என்ன எழுதுவது? திங்களூர் அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் தம் பெயரை எழுதவில்லை, அதுவரை நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை எழுதியிருந்தார். அந்த வழியே வந்த நாவுக்கரசரே பலகையைப் பார்த்துவிட்டு அவரிடம் காரணம் கேட்டதாக வரலாறு. நன்கொடையாளர் பெயர் இருப்பதில் தவறில்லை. அதைவிடப் பெரிய எழுத்தில் மூன்று செய்திகள் வேண்டும்: எத்தனை மணி வரை தண்ணீர் இருக்கும், பானை காலியானால் யாரிடம் சொல்ல வேண்டும், பக்கத்தில் கழிப்பறை எங்கே. மூன்றாவதை ஏனோ யாரும் எழுதுவதில்லை. சாலையோரத்தில் பூவும் பழமும் விற்கிற பெண்கள் பலர், கழிப்பறை கிடைக்காது என்பதாலேயே பகலெல்லாம் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். எதிரே பானை இருந்தும் அவர்கள் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அது. பக்கத்து உணவகத்திலோ வங்கியிலோ பேசி, அவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி வாங்கிப் பலகையில் எழுதிவிட்டால், அந்தப் பந்தல் அதற்குப் பிறகுதான் முழுமையாக வேலை செய்யத் தொடங்கும்.

இதில் பெயர் வராத பலர் இருக்கிறார்கள். கடை முகப்பை விட்டுக்கொடுக்கிற டீக்கடைக்காரர், விடிகாலையில் மோட்டார் போட்டு ஹோஸ் நீட்டுகிற எதிர்வீட்டு அக்கா, டம்ளரைக் கழுவி வைக்கிற பூக்கார அம்மா, பானை காலியானதும் போன் செய்கிற ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன். இப்படி நாலு பேர் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல பானை வைத்தாலும் நிற்காது. பானை வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் போய்ப் பேசுங்கள். மோட்டார் போடுகிற வீட்டுக்கு மின்கட்டணத்தில் ஒரு பங்கு கொடுங்கள், மறுத்தாலும் கொடுங்கள். பந்தல் பிரிக்கிற அன்று முதல் நன்றி அவர்களுக்கு.

குடிக்கிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. குழாய் மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது, டம்ளரை அலசிக் கவிழ்த்து வைப்பது, முகம் கழுவவும் பாட்டில் நிரப்பவும் பெரிய கொள்கலன் இருந்தால் அதைப் பயன்படுத்துவது. கடைசி டம்ளர் உங்களுடையது என்றால் பலகையில் இருக்கிற எண்ணுக்கு ஒரு அழைப்பு. பின்னால் வருகிறவருக்கு அரை மணி நேரக் காத்திருப்பு மிச்சமாகும்.

மழை பிடித்ததும் பானைகளைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். குழாயைக் கழற்றி, வாஷரைத் தனியாகத் தீப்பெட்டியில் போட்டு, மேலே எந்தப் பானையுடையது என்று எழுதி வையுங்கள். ரப்பர் மட்டும் அடுத்த கோடைக்குள் காய்ந்து வெடித்திருக்கும், புதிதாக வாங்க வேண்டும். பானைகளை வைக்கோலின் மேல் கவிழ்த்து வைக்கவும், ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டாம். பங்குனி கடைசியில் எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் ஒரு நாள் ஊறவிட்டு மறுபடியும் வைக்கலாம்.